கேட்கக் கூடாத குரல்

என் அக்காவின் கணவருக்குப் பாட்டைப் பற்றி ஒரே ஒரு கொள்கைதான் இருந்தது. பாட்டில் குரல் இருக்க வேண்டும், ஆனால் அது கேட்கக் கூடாது.

“பளிச்சுனு கேட்டா அது சினிமாப் பாட்டு மச்சான். கேக்காம இருந்தாத்தான் மனுசன் தேடுவான். உள்ள யாரோ பாடுறாங்களே, யாரு, என்ன பாடுறாங்கன்னு காதைக் கொண்டுபோய் வெப்பான்” என்பார். சொல்லிவிட்டு நான் ஒத்துக்கொண்டேனா என்று முகத்தைப் பார்க்க மாட்டார். கிட்டாரைப் பார்ப்பார், இல்லாவிட்டால் தரையைப் பார்ப்பார்.

நான் அவரை மாமா என்பேன். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்கிற ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. எனக்குப் பக்கத்து ஊரான மாக் மண்டினில் இரும்புத் தகடு வெட்டும் வேலை. வாரம் முழுக்க இரைச்சலில் நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் தீவுப் பக்கம் ஜெலுத்தோங்கில் ஒரு கடைவீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து அதைவிடப் பெரிய இரைச்சலைக் கிளப்புவோம். அவர் கிட்டார், நான் டிரம்ஸ், அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதரான ஒரு சீனர் பேஸ் கிட்டார். அக்கா பாடுவாள். அவள் பாடுகிறாள் என்று நாங்கள் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

பேச்சிலும் மாமா அப்படித்தான். முக்கியமான எதையும் அமைதியான இடத்தில் அவரால் சொல்ல முடியாது. சம்பளம் கூடியதை வாஷிங் மெஷின் சுற்றும்போது சொன்னார். அவருடைய அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த விஷயத்தை மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டே, பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார். அக்காவைக் கட்டிக்கொள்ள ஆசை என்பதைக்கூட பட்டர்வொர்த் ஃபெர்ரியில், சங்கு ஊதுகிற நேரம் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். அக்கா “ஆங்?” என்றிருக்கிறாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு மறுவாரம் பெண் கேட்க ஆள் அனுப்பிவிட்டார்.

“நான் என்னான்னுதான் கேட்டேன். கொண்டுபோய் மணவறையில உக்கார வெச்சிருச்சு” என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தப் பழக்கமெல்லாம் அவருக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே ஏதோ ஒரு சின்ன ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து நடத்திய பேண்ட். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் தெரிந்தவர்கள் அவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், மாமா பின்னால் போய்விடுவார். ஏற்கனவே வாழ்க்கை முழுக்கப் பின்னால் நின்ற மனிதர்.

பள்ளிக்கூடம் படிக்கும்போது கொம்தார் கட்டடத்தில் ஒரு கடையில் அவர்களுடைய முதல் கேசட்டை வாங்கியிருக்கிறார். திருட்டுக் கேசட், அதுவும் நாடா இழுபட்டுப்போனது. கிட்டார் சத்தம் நேராக வராமல் வளைந்து வளைந்து வந்திருக்கிறது. அதுதான் அந்த இசையின் அழகு என்று நம்பி அத்தனை வளைவையும் விரலில் ஏற்றிக்கொண்டார். பிறகு வேலைக்குப் போய் அசல் சீடி வாங்கிப் போட்டுப் பார்த்தால், பாதி வளைவை அவர்கள் வாசிக்கவே இல்லை.

நானாக இருந்தால் கிட்டாரை மூட்டை கட்டியிருப்பேன். மாமாவுக்கு ஒரே பெருமை. “பாதி அவங்க வளைச்சது, பாதி நம்ம கொம்தார் கடைக்காரன் வளைச்சது. ரெண்டையும் சேத்து வாசிக்கிற ஆளு உலகத்துலயே நான் ஒருத்தன்தான் லா.”

அவர்கள் மேடையில் கூட்டத்தைப் பார்க்க மாட்டார்களாம். காலடியில் வரிசையாக மிதிக்கிற பெட்டிகள் கிடக்கும். ஒன்றை மிதித்தால் கிட்டார் மழைபோலக் கொட்டும், இன்னொன்றை மிதித்தால் குகைக்குள் போய்விடும். எதை மிதிப்பது என்று குனிந்தே நிற்க வேண்டியிருப்பதால், அந்த ஊர்ப் பத்திரிகைகள் அவர்களுக்குக் காலில் போட்ட சப்பாத்தைப் பார்க்கிறவர்கள் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டன. பெண் பார்க்க வந்த அன்று, நீங்கள் வாசிப்பது என்ன மாதிரிப் பாட்டு என்று அம்மா கேட்டாள். மாமா ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, “சப்பாத்து பாக்குற பாட்டு” என்றார். அம்மா காதில் சப்பாத்து மட்டும்தான் விழுந்தது. மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலை வேலை, கூடவே சப்பாத்து வியாபாரமும் உண்டு என்று நிபோங் திபால் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டாள். கல்யாணத்தில் ஒரு சித்தப்பா மணவறை வரைக்கும் வந்து பத்தாம் நம்பர் கிடைக்குமா என்று விசாரித்தார்.

அந்த நிபோங் திபாலிலேயே ஒரு கோயில் மண்டபத்தில் இளைஞர் விழாவுக்கு எங்களை வாசிக்கக் கூப்பிட்டார்கள். கோயில் மண்டபம் என்றால் சப்பாத்து வெளியே. மாமா பெட்டிகளை வெறுங்காலால், கட்டை விரலைக் கொண்டு தேடித் தேடி அமுக்கினார். வழக்கத்தைவிட இன்னும் கீழே குனிய வேண்டியதாயிற்று. முன் வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து வந்து, “தம்பிக்குக் கால்ல முள்ளு குத்திருச்சா?” என்று கேட்டார். மூன்றாவது பாட்டில் விழாத் தலைவரே வந்துவிட்டார்.

“தம்பி, அந்தப் பொண்ணு என்ன பாடுதுன்னே கேக்கல லா. கொஞ்சம் ஏத்தி வெய்யுங்க.”

“அதான்ணே கணக்கு” என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி.

அதற்கு மேல் எங்களை அந்தப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை. உறவுக்காரி ஒருத்தி அம்மாவிடம், மாப்பிள்ளை ஏன் எந்நேரமும் தலையைக் குனிந்துகொண்டே இருக்கிறார், ஏதாவது தப்புப் பண்ணிவிட்டாரா என்று கேட்டிருக்கிறாள். அம்மாவுக்கு அது நாலு நாளைக்கு நெஞ்சில் கிடந்தது.

அந்த இங்கிலாந்துக்காரர்களின் கதையை மாமா புராணம்போலச் சொல்வார். முதல் ரெக்கார்டுக்குப் பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்து ஆடின. இரண்டாவதை அவர்கள் சீக்கிரம் முடிக்கவில்லை. கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். அது வெளியே வருவதற்குள் ஊரின் ருசி மாறிவிட்டது. தூக்கி வைத்த அதே பத்திரிகைகள் காறித் துப்பின. மூன்றாவது ரெக்கார்டு வந்த கையோடு கம்பெனி கழற்றிவிட்டது, பேண்ட் பிரிந்தது, பாடிய பெண் எங்கோ பள்ளி ஆசிரியையாகப் போய்விட்டாள். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில், பழைய புத்தகக் கடையில் கிடந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்துத்தான் மாமாவுக்கே இது தெரியும். வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்த்து அக்கா பயந்துபோய், “யாரு போனது?” என்று கேட்டாளாம்.

அந்தக் கதையிலிருந்து வேறு யாராக இருந்தாலும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற பாடத்தை எடுத்திருப்பார்கள். மாமா எடுத்தது நேர்மாறானது. அவர்களை அவசரப்படுத்திக் கெடுத்துவிட்டார்கள், இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் உலகமே திரும்பியிருக்கும் என்றார். எங்கள் பாட்டு ஒவ்வொன்றிலும் கை வைத்துக்கொண்டே இருந்தார். “இன்னும் ஒரு லேயர் மச்சான். ஒண்ணே ஒண்ணு.” அந்த ஒன்றின் மேல் இன்னொன்று வரும். பேஸ் வாசித்த சீனர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, குழந்தை குட்டியோடு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். அக்கா மட்டும் சலிக்காமல் போய் நின்று பாடினாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பாட்டுகளைத்தான் இருவரும் வளர்த்தார்கள்.

இருபது வருடம் கழித்து அந்தப் பேண்ட் மறுபடி சேர்ந்தது. அப்போது காறித் துப்பியவர்களின் பிள்ளைகள் இப்போது டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். மாமாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. “பாத்தியா? முடிஞ்சதுன்னு நினைச்சோம். முடியல” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த வேகத்தில் ஒரு புதுப் பாட்டு போட்டார். படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்துவிட்டு, அக்காவை மைக் முன்னால் நிறுத்தி ஒரு சனிக்கிழமை முழுக்கப் பாட வைத்தார். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். அன்று வந்த குரல் மாதிரி எப்போதும் வந்ததில்லை என்று மறுநாள் எனக்கு ஃபோன் செய்து சொன்னார்.

அக்காவுக்குத் தொண்டை கம்மத் தொடங்கியது எப்போது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவள் பாலர் பள்ளி ஆசிரியை. நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளோடு கத்துகிறவளுக்குத் தொண்டை கட்டுவது புதிதில்லை என்று நினைத்தோம். அம்மா அதிமதுரம் கொடுத்தாள். குடிக்கிற தண்ணீர் இறங்காமல் புரையேறிய பிறகுதான் டாக்டரிடம் போனார்கள். கட்டி குரல்வளை முழுக்கப் பிடித்திருந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும், விட்டால் தங்காது என்றார் டாக்டர். எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை, அதன் மேல் ஒரு மெல்லிய துணி. அதன் பிறகு அக்கா பேச வேண்டியதை எல்லாம் ஃபோனில் தட்டி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவியும் கொடுத்தார்கள். ஒரே ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டு, ‘தேனீ பேசுற மாதிரி இருக்கு’ என்று தட்டிக் காட்டி அலமாரியில் போட்டுவிட்டாள்.

அவள் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது மாமாவின் கம்ப்யூட்டரில்தான்.

அதைப் போட்டுக் காட்டச் சொல்லி அம்மா முதல் மாதமே கேட்டாள். மாமா தலையாட்டினார். அந்தப் புதுப் பாட்டை அவள் ஃபோனுக்கு அனுப்பி வைத்தார். அம்மா ஃபோனைக் காதில் ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆறு நிமிஷமும் கேட்டாள். கிட்டார் கொட்டிக்கொண்டே இருந்தது. “எங்கய்யா என் புள்ள?” என்றாள். இரண்டாவது முறை அனுப்பினார். அதில் குரல் இன்னும் கீழே போயிருந்தது. மூன்றாவதில் நானே தேடிப் பார்த்தேன். எங்கோ அடியில் ஒரு மூச்சு மாதிரி ஏதோ இருந்தது, அது அக்காதானா என்று சொல்ல முடியவில்லை. அவர் ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்து ஏதாவது ஒன்றை மேலே ஏற்றிக்கொண்டே இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. கோபமும் வந்தது. மனைவியின் குரலை வைத்துக்கொண்டு இப்படி ஒரு மனிதன் செய்வானா என்று தூக்கம் வராமல் புரண்டேன்.

பிறகு நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். இனி வெட்டவோ கதிர் வைத்து எரிக்கவோ இடமில்லை. அக்கா மாமாவிடம் ஃபோனைக் காட்டியது நான் பார்க்கத்தான் நடந்தது. ‘பாட்டை முடிச்சுக் குடுங்க. நான் ஒருதரம் கேட்டுட்டுப் போறேன்.’ மாமா அதைப் படித்துவிட்டு மிதிபெட்டியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் கோலாலம்பூருக்கு வந்தார்கள். மாமா போக மாட்டேன் என்றார். அக்கா விடவில்லை. என்னையும் சேர்த்து அனுப்பினாள். என்னுடைய காரில் போனோம். அரங்கத்தில் அந்த நாலு பேரும் தலை நரைத்து, கண்ணாடி போட்டு, எங்கள் மாமாக்கள் மாதிரியே இருந்தார்கள். முதல் பாட்டு தொடங்கியது. அந்தப் பெண் பாடினாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. வயதாகியிருந்த, கொஞ்சம் தழுதழுத்த, நல்ல குரல். கூட்டம் அவளோடு சேர்ந்து பாடியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் மாமா இல்லை.

வெளியே கார்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தார்.

“குரலை மேல தூக்கிட்டாங்க மச்சான்” என்றார். “அவங்களே தூக்கிட்டாங்க.” ஐம்பதை நெருங்குகிற மனிதர், வாய் கோணி அழுதார். காரில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

அக்கா போன பிறகு மாமா வேலையை விட்டார், வீட்டை விட்டார், பினாங்கையும் விட்டுப் போய்விட்டார். ஜொகூர் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது கோலாலம்பூர் போய் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகல்தான்.

அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அக்காவால் அப்போது உட்கார மட்டும் முடிந்தது. மாமாவின் கம்ப்யூட்டர் இருந்த அறையில், அவருக்குப் பக்கத்து நாற்காலியில், தலையணை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அம்மா கட்டிலில், ஒலிபெருக்கிக்கு அருகில் உட்கார்ந்தாள்.

“மாப்பிள்ளை, கையெடுத்துக் கும்பிடுறேன். அவ கண்ணு மூடுறதுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் ஒருதடவை அந்தக் குரலைப் போட்டுக் காட்டுங்க.”

மாமா தரையைப் பார்த்தார். “ஒரு லேயர் பாக்கி இருக்கு அத்தை. அதைப் போட்டுட்டேன்னா…”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “இன்னும் என்ன மாமா போடப் போறீங்க? மண்ணு ஒண்ணுதான் பாக்கி” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான் அக்கா எதிரே இருப்பது உறைத்தது. அவள் முகம் மாறவில்லை. கையை நீட்டி மாமாவின் முழங்கையைத் தொட்டாள், அவ்வளவுதான்.

மாமா கம்ப்யூட்டரின் பக்கம் திரும்பினார். பாட்டை ஓட விட்டு, கிட்டார்களை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார். திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக அத்தனை வரிகள். ஒன்று போனது, இன்னொன்று போனது. என்னுடைய டிரம்ஸ் போனது. எல்லாம் போன பிறகு அக்கா மட்டும் நின்று பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் மூச்சு இழுப்பது கேட்டது. உதடு பிரிகிற சத்தம் கேட்டது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து டிரம்ஸ் அடித்திருக்கிறேன், அவள் இவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வரி மேலே ஏறுகிற இடத்தில் குரல் லேசாகக் கிழிந்து, கரகரப்பாகி, அந்தக் கரகரப்போடேயே உச்சியைத் தொட்டு இறங்கியது. அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா ஒலியைக் கூட்டினார். அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தார். அறை முழுக்க அக்காவின் குரல் நிறைந்த பிறகு, அதற்கு அடியில், எனக்கும் அக்காவுக்கும் மட்டும் கேட்கிற அளவில் பேசினார்.

“இந்தக் கரகரப்பு இதுக்கு முன்னாடி இவகிட்ட கிடையாது மச்சான். அன்னைக்குத்தான் முதல் தடவையா வந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் தெரியாத காலத்துல. இவ்ளோ அழகா இருக்கேன்னு சாயந்தரம் வரைக்கும் இதையே பாட வெச்சேன். அதுக்கப்புறமும் ஒரு வருசம், டாக்டரைப் போய்ப் பாருன்னு நான் சொல்லல.” ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டினார். மறுபடி தொடங்கினார். “எல்லாருக்கும் முன்னாடி எனக்குக் கேட்டுச்சு. ஏன்மா இப்படி வருதுன்னு இவளைத்தான் கேக்கல.”

அவர் ஏன் அந்தக் குரலைக் கீழே கீழே அமுக்கினார் என்பது விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அக்கா ஃபோனை மடியில் வைத்து மெல்ல மெல்லத் தட்டினாள். விரல் பலமில்லாமல் வழுக்கியது, அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். முடித்து மாமாவின் பக்கம் திருப்பினாள். அவர் தோளுக்கு மேலாக நானும் படித்தேன்.

‘எனக்கும்தான் கேட்டுச்சு. பாட்டுக்கு நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல.’

மாமா ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் மடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவள் அந்தத் தலையில் கையை வைத்தாள். குரல் ஏறி, கிழிந்து, இறங்கி, மறுபடி ஏறியது.

“என்ன எழுதியிருக்கா?” என்று கட்டிலில் இருந்து அம்மா சத்தம்போட்டுக் கேட்டாள். “கண்ணாடி எடுத்துட்டு வரல, படிச்சுச் சொல்லுடா.”

“பாட்டு நல்லா இருக்காம், அம்மா.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியின் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“பின்ன? யாரு மக!” என்றாள்.